நீ எடுத்துக்கினியாம்மா?

காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா பிரஷர் மாத்திரைக்காக மாதாமாதம் எங்கள் சுகாதார நிலையத்துக்கு வருவார். கார்டில் வயது 44 என்று இருக்கும். கேட்டால் நாற்பதுதான் என்பார். ஒவ்வொரு தடவையும் பிரஷர் பார்த்து முடித்ததும், "உள்ளே வாங்கம்மா, கர்ப்பப்பை வாயையும் ஒருதரம் பார்த்துடலாம், அஞ்சு நிமிஷம்தான்" என்பேன். அவர் வாசலில் வைத்திருக்கும் கூடையைக் காட்டி, "ஐஸ் கரையுதும்மா" என்று கிளம்பிவிடுவார். எட்டாவது மாதமோ ஒன்பதாவது மாதமோ, மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டே திரும்பி நின்று கேட்டார்.

"நீ எடுத்துக்கினியாம்மா?"

"ஓ, எடுத்தாச்சே" என்றேன். பொய்.

எனக்கு அப்போது 46 வயது. வடசென்னையில் ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவு நர்ஸ். என்.சி.டி. சிஸ்டர் என்பார்கள். 2012ல் இந்தத் திட்டம் தமிழ்நாடு முழுக்க விரிந்தது. மறு வருஷம் நான் ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். பிரஷர், சுகர், மார்பகம், கர்ப்பப்பை வாய் என்று நாலு பரிசோதனை. முதல் இரண்டுக்கும் வரிசை நிற்கும். மற்ற இரண்டுக்கும் நாம்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்ற வேண்டும். பதினோரு வருஷத்தில் சில ஆயிரம் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய் பார்த்திருப்பேன். எனக்கு ஒருதரம்கூடப் பார்த்துக்கொண்டதில்லை.

நாங்கள் செய்வது வயா டெஸ்ட். 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் வைத்து, ஒரு நிமிஷம் காத்திருந்து, நல்ல வெளிச்சத்தில் கண்ணால் பார்ப்பது. செல்கள் மாறத் தொடங்கிய இடம் இருந்தால் அது வெள்ளைத் திட்டாகத் தெரியும். கிட்டத்தட்ட சமையலறை வினிகர்தான். அறை முழுக்க அந்த வாசனை அடிக்கும்; "இன்னா சிஸ்டர், உள்ள ஊறுகா போடுறியா?" என்று கேட்காத ஆள் இல்லை. இந்த எளிய காரியத்தின் மேல் எனக்கு ஒரு பெருமை உண்டு. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் நர்சுகளே இந்தப் பரிசோதனையைப் பெண்களுக்கு ஒரு சுற்று செய்துவிட்டு, பிறகு பல வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றால் ஏற்படும் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. 2007ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. பயிற்சியில் இதைச் சொன்னபோது அறையில் இருந்த அத்தனை நர்சுகளும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

அப்படியும் ஏன் எனக்கு எடுத்துக்கொள்ளவில்லை? வெள்ளை படவில்லை, வலி இல்லை, நேரமில்லை. எல்லாம் என் மேசைக்கு வருகிறவர்கள் சொல்லும் அதே காரணங்கள்தான். கூடுதலாக ஒன்று: பார்ப்பவள் எனக்குத் தெரிந்த சிஸ்டராகத்தான் இருப்பாள். கூட்டம் என்றால் பக்கத்து நாற்காலி, டீ என்றால் ஒரே தட்டு. அவள் முன்னால் எப்படிப் படுப்பது?

அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று நான் செய்த தப்புகள்.

சேர்ந்த புதிதில், "வாங்க, கேன்சர் டெஸ்ட் எடுக்கலாம்" என்றுதான் கூப்பிடுவேன். ஒரு பெண் கையில் இருந்த கட்டைப்பையை அப்படியே கீழே போட்டுவிட்டார். "எனக்குக் கேன்சர்னு யாரு சொன்னா?" அன்றிலிருந்து அந்த வார்த்தையை வரிசையில் சொல்வதில்லை. கர்ப்பப்பை வாய் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கலாம் என்பேன். உள்ளே கூட்டிப் போய்த் திரையை இழுத்து உட்கார வைத்த பிறகு, எதற்காக என்று முழுசாகச் சொல்லிவிடுவேன். சொல்லாமல் செய்வது தப்பு. சொல்கிற இடம்தான் வேறு.

கேள்விகளும் அப்படித்தான். "கடைசியா பீரியட்ஸ் எப்போ?" என்று இருபது பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கேட்டால் எந்தப் பெண்ணும் ஏதோ ஒரு தேதி சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள். பல வயதான அம்மாக்களுக்கு அந்தக் கேள்வியே புரியாது, "தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சு?" என்றால் உடனே கணக்கு வரும். வீட்டுக்காரரோடு சேர்ந்த பிறகு ரத்தம் படுகிறதா என்பதை எப்படிக் கேட்பது என்று ரொம்ப நாள் திணறினேன். "வீட்டுக்காரரோட சேர்ந்த மறுநாள் துணியில கறை தெரியுதா?" இதுதான் வேலை செய்தது. துணியைப் பற்றிப் பேசுவது சுலபம்.

ஒரு குழப்பத்தை மட்டும் இன்றைக்கும் வாரத்துக்கு ரெண்டு தடவையாவது சந்திக்கிறேன். "எனக்குத்தான் ஆபரேஷன் ஆயிடுச்சே சிஸ்டர், அப்புறம் எதுக்கு?" என்பார்கள். விசாரித்தால் ரெண்டாவது பிரசவத்தோடு செய்த குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். அதில் கட்டுவது குழாயைத்தான். கர்ப்பப்பையும் அதன் வாயும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, மாதா மாதம் தீட்டும் வருகிறது. ஆனால் எதையோ எடுத்துவிட்டார்கள் என்ற நினைப்பு மனசில் தங்கிவிட்டது. தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பும்போது யாராவது ஒரு படம் வரைந்து காட்டியிருக்கலாம். நான் இப்போது பிரிஸ்கிரிப்ஷன் சீட்டின் பின்பக்கம் ஒரு கவிழ்த்த பேரிக்காய் வரைகிறேன், ரெண்டு பக்கமும் ரெண்டு கை. கையைத்தான் கட்டினாங்க, காய் அங்கேயே இருக்கு என்பேன். ஓவியம் சகிக்காது, விஷயம் புரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறான குழப்பம் தீட்டு நின்றவர்களுக்கு. நின்று ரெண்டு வருஷம் கழித்து மறுபடி ரத்தம் பட்டால், உடம்பில் இன்னும் தெம்பு இருக்கிறது என்று சந்தோஷப்பட்ட ஓர் ஆயாவைப் பார்த்திருக்கிறேன். மாதவிலக்கு முழுசாக ஒரு வருஷம் நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும். இதில் நான் பேரம் பேசுவதே இல்லை. சீட்டு எழுதி, பக்கத்தில் மகள் இருந்தால் மகள் கையில் கொடுத்து, அன்றைக்கே அனுப்பிவிடுவேன். அந்த வயதில் வயா டெஸ்டை நம்பி இருக்கவும் முடியாது. செல்கள் மாறத் தொடங்குகிற எல்லைக்கோடு உள்பக்கமாக ஏறிவிடும், கண்ணுக்குத் தெரியாது. அவர்களுக்கு, கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைத் துடைத்தெடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரோ, இந்தப் புற்றை உண்டாக்கும் வைரஸைத் தேடும் எச்.பி.வி. டெஸ்டோதான் சரி.

இனி என் பெரிய தப்பு. நாலாவது வருஷம் என்று நினைக்கிறேன். முப்பத்தைந்து வயசுப் பெண் ஒருவருக்கு வெள்ளைத் திட்டு தெரிந்தது. கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கோல்போஸ்கோப்பிக்கு எழுதிக் கொடுத்தேன், போகவில்லை. கார்டில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். எடுத்தது கணவர். "உங்க மிசஸுக்கு டெஸ்ட் பாசிட்டிவ்னு வந்திருக்கு, சீக்கிரம் அழைச்சுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த நம்பருக்குப் போய்விட்டேன்.

பாசிட்டிவ் என்றால் எங்களுக்கு ஒரு பொருள். அந்தத் தெருவில் அதற்கு ஒரே பொருள்தான், எச்.ஐ.வி. மறுநாள் அந்தப் பெண் கண் வீங்கி வந்தார், பின்னாலேயே மாமியார். மாமியாரிடம் ஒரு மணி நேரம் பேசினேன். கணவர் வரவே இல்லை. அந்தப் பெண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அதற்கப்புறம் ஐந்து வாரம் பிடித்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. வாய் என்னுடையது.

அதிலிருந்து என் நோட்டில் ரெண்டு கட்டம் கூடுதலாக இருக்கிறது: "இந்த நம்பரை யார் எடுப்பாங்க?", "அவங்ககிட்ட என்ன சொல்லலாம்?" பாதிப் பேர் கொடுக்கும் நம்பர் கணவருடையது அல்லது பையனுடையது. "நர்சம்மா மாத்திரை வாங்க வரச் சொன்னாங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்று பெரும்பாலானவர்கள் எழுதச் சொல்வார்கள். அப்படியே சொல்வேன். பாசிட்டிவ் என்ற சொல்லை என் வாயிலிருந்தே எடுத்துவிட்டேன். "ஒரு வெள்ளைத் திட்டு தெரியுது, அது என்னன்னு பெரிதாக்கிக் காட்டற மிஷின்ல பார்க்கணும்." அந்த மிஷின் உள்ளே போகாது, வெளியேதான் நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் எண்டோஸ்கோப்பி குழாயை நினைத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள்.

"இது எப்படி வருது?" என்று கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து கேட்கும்போது பதில் சொல்வது கஷ்டம். எச்.பி.வி. என்ற வைரஸ் உடலுறவு மூலம்தான் பரவுகிறது. மறைக்க முடியாது. ஆனால் அது மிகச் சாதாரணமாகப் பரவும் வைரஸ். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வருஷத்தில் உடம்பே துடைத்துவிடும். தங்கிவிட்ட சிலருக்கு மட்டும் பத்து, பதினைந்து, இருபது வருஷம் கழித்து மாற்றம் வரும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டெஸ்டாலும் சொல்ல முடியாது. இந்தக் கடைசி வரியை நான் கணவரின் கண்ணைப் பார்த்துச் சொல்வேன். அதைச் சொல்லாமல் ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

சரி, என் கதை. மீன்காரம்மாவிடம் பொய் சொன்ன அன்று இரவு தூக்கம் சரியாக வரவில்லை. அவர் என்னை நம்பிவிட்டார் என்பதுதான் உறுத்தியது. அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு, என்னைத் தெரியாத இன்னொரு நிலையத்துக்கு, பஸ் மாறிப் போய்ச் சீட்டு வாங்கினேன். நர்ஸ் என்று சொல்லவில்லை. வேலை என்ன என்றதற்கு வீட்டில்தான் என்றேன். மறுபடி பொய்.

வரிசையில் உட்கார்ந்திருந்தபோது முதலில் தெரிந்தது, பெஞ்சிலிருந்து பார்த்தால் அறைக்குள் திரையின் இடைவெளி வழியாக மேசையின் கால்மாட்டு முனை தெரிகிறது. எங்கள் நிலையத்திலும் அப்படித்தான் இருக்குமோ? உள்ளே போனதும், "புடவையை ஏத்திட்டுப் படுங்க" என்றாள் அந்தச் சின்னப் பெண். பாவம், அவளுக்கு வெளியே நாற்பது பேர். உள்பாவாடையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆணி இல்லை. மடித்துக் கையிலேயே பிடித்துக்கொண்டு படுத்தேன். கால் அகட்டினதும் கொலுசு ஒரு சத்தம் போட்டது. அந்தச் சத்தம் வெளி பெஞ்சு வரைக்கும் கேட்டிருக்கும் என்று தோன்றியது. உள்ளே விரித்துப் பார்க்கும் கருவியான ஸ்பெகுலம் பட்டதும் சில்லென்று தூக்கிப்போட்டது. "டைட் பண்ணாதீங்கம்மா, லூசா விடுங்க." எத்தனை ஆயிரம் தடவை நான் சொன்ன வார்த்தை! சொல்வதைக் கேட்டு உடம்பு லூசாகாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு விநாடி முன்னால் சொல்லியிருந்தால் ஒருவேளை ஆகியிருக்கும்.

ஒரு நிமிஷம் என்பது எத்தனை நீளம் என்பதும் அன்றைக்குத்தான். மின்விசிறி இறக்கைகளை எண்ணினேன். மூன்றுதான், திரும்பத் திரும்ப எண்ணினேன்.

அவள் ஒன்றும் சொல்லாமல் டார்ச்சை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தாள். அந்த அசைவு எனக்குத் தெரியும். நான் அப்படிச் செய்தால் என்ன அர்த்தம் என்று தெரியும்.

திட்டு இருந்தது.

ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் கோல்போஸ்கோப்பி பார்த்து, சின்னதாகச் சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். வலி கிள்ளினது போலத்தான். ரத்தம் நிற்க வைத்த மருந்தால் ரெண்டு நாள் காபித்தூள் கரைசல் மாதிரி வந்தது. பார்த்துப் பயந்துபோனேன், இத்தனைக்கும் அப்படி வரும் என்று எனக்குத் தெரியும். சில நாளைக்கு உறவு கூடாது, கனமான பொருள் தூக்கக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். தண்ணி லாரி வரும் நாளில் குடம் தூக்காமல் எப்படி இருப்பது என்று தாளில் இல்லை; பையன் தூக்கினான்.

ரிசல்ட் வர ரெண்டு வாரம். அந்த ரெண்டு வாரம் வேலைக்குப் போனேன், பிரஷர் பார்த்தேன், "பயப்படாதீங்க" என்று மூன்று பேருக்குச் சொன்னேன். மூன்றாவது முறை சொல்லும்போது நாக்கு கூசியது. இப்போதெல்லாம், "பயமாத்தான் இருக்கும், ரிசல்ட் இந்தத் தேதிக்கு வரும், அன்னைக்கு நானே போன் பண்றேன்" என்று சொல்கிறேன். தேதி ஒன்று கையில் இருந்தால் கொஞ்சம் பிடித்துக்கொண்டு நிற்கலாம்.

எனக்கு வந்தது நாள்பட்ட அழற்சி, அவ்வளவுதான். மாத்திரை கொடுத்தார்கள், ஒரு வருஷம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். வயா டெஸ்டில் தெரியும் வெள்ளைத் திட்டுகள் பலவும் இப்படித்தான் முடியும். புற்றுக்கு முந்தைய மாற்றம் என்று வந்திருந்தாலும், சூடு வைத்தோ மின்வளையத்தால் அந்த இடத்தை மட்டும் செதுக்கி எடுத்தோ அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்; கர்ப்பப்பையைத் தொட வேண்டியதில்லை. வெறும் வெள்ளை படுகிறது என்பதற்காகக் கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இன்னொரு டாக்டரைப் பாருங்கள். ஓர் அண்டை வீட்டுக்காரிக்கு முப்பத்தெட்டு வயதில் அப்படி எடுத்ததைப் பார்த்த கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக ரெண்டு ஆணி அடித்தேன், ஒன்று பாவாடைக்கு, ஒன்று கைப்பைக்கு. மேசையைத் திருப்பிப் போட்டோம். கால்மாடு இப்போது சுவர்ப் பக்கம். எங்கள் நிலையத்திலும் பெஞ்சிலிருந்து தெரிந்துகொண்டுதான் இருந்தது, பதினோரு வருஷமாக. ஸ்பெகுலத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் காட்டிவிட்டு, முதலில் தொடையில் தொட்டு, "இதுதான், இவ்வளவுதான் சூடு" என்று சொல்லிய பிறகே செய்கிறேன். "நிறுத்துங்கன்னா நிறுத்திடுவேன்" என்பதையும் சொல்கிறேன். நிறுத்தச் சொன்னவர்கள் மிகக் குறைவு.

பரிசோதனைக்கு வருகிறவர்கள் கேட்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 30 வயது ஆனதிலிருந்து, ஐந்து வருஷத்துக்கு ஒருதரம். தீட்டு நாட்களில் வேண்டாம். முடிந்து நாலைந்து நாள் கழித்து வந்தால் நன்றாகத் தெரியும். கர்ப்பமாக இருந்தால் வயா கிடையாது. பாப் ஸ்மியர் என்றால் முந்தைய ரெண்டு நாள் உறவும் உள்ளே வைக்கும் மருந்தும் தவிர்க்கவும். உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு வர வேண்டாம். நிறையப் பேர் எங்களுக்கு மரியாதை என்று நினைத்து அப்படி வருகிறார்கள். பெண் டாக்டர், பெண் நர்ஸ்தான் வேண்டும் என்று கேட்கலாம், கூட ஒரு பெண்ணை உள்ளே வைத்துக்கொள்ளலாம். காப்பர் டி போட்டிருந்தாலும் எடுக்கலாம். போட்ட வருஷம் என்ன என்று அந்தச் சாக்கில் கார்டைத் தேடிப் பாருங்கள். 380ஏ வகை என்றால் பத்து வருஷம், 375 வகை என்றால் ஐந்து வருஷம். போட்டதையே மறந்து பதினாலு வருஷம் சுமந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன்.

என் மகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்டுவிட்டேன். சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் 2023ல் கடைக்கு வந்தது. 9 முதல் 14 வயது வரை ஆறு மாத இடைவெளியில் ரெண்டு ஊசி, 15க்கு மேல் என்றால் மூன்று. "கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று என் மாமியார் கேட்டார். வைரஸ் வருவதற்கு முன்னால் போட்டால்தான் பலன் அத்தை, மழை வந்தப்புறம் கூரை வேய்வாங்களா என்றேன். பதில் பேசவில்லை, பணம் எவ்வளவு என்றுதான் கேட்டார். ஊசி போட்டாலும் 30 வயதில் அவள் பரிசோதனைக்கு வரத்தான் வேண்டும், ஊசி எல்லா வகை எச்.பி.வி.யையும் தடுக்காது.

மீன்காரம்மாவிடம் உண்மையைச் சொல்ல ரெண்டு மாதம் ஆயிற்று. "அம்மா, அன்னைக்கு எடுத்துட்டேன்னு சொன்னேனே, பொய். இப்பத்தான் எடுத்தேன்."

மாத்திரையை எண்ணிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "வலிச்சுதா?"

"வலிக்கல. சில்லுன்னு இருந்துச்சு."

"சில்லுன்னா?" என்று உள்ளங்கைகளைத் திருப்பிக் காட்டினார். விடிகாலை மூணு மணியிலிருந்து ஐஸில் கை வைத்து வைத்து வெளுத்துச் சுருங்கிய விரல்கள். "இத்தோட என்ன சில்லு?" செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். ஆணியைப் பார்த்து, "இது புச்சா?" என்றார்.

அவருக்கு ஒன்றும் இல்லை. அடுத்த தேதியை 2029 என்று கார்டில் எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து, மத்தியானம் ஒன்றரை மணிக்கு, நாங்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரத்தில், இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். வாசல் முழுக்க கூடை. காக்கா வேறு.

"சீக்கிரம் பாரும்மா, ஐஸ் கரையுது."